கர்லியா, ஷெம்ப்பா?

‘த்ரீ ஸ்டூஜஸ்’ என்ற அமெரிக்கத் திரைப்பட நகைச்சுவை மூவர் குழுவில் மோ, லாரி ஆகியோருடன் மூன்றாமவராக நின்றவர்களில் யார் சிறந்தவர் என்ற விவாதம் ஹாவர்ட் சகோதரர்கள் இருவரையே சுற்றுகிறது. 1932-இல் அண்ணன் ஷெம்ப் விலகியதும், தம்பி கர்லி தலையை மழித்துக்கொண்டு அவ்விடத்திற்கு வந்தார். 1946-இல் படப்பிடிப்பின்போது கர்லியைப் பக்கவாதம் தாக்கவே, ஷெம்ப் திரும்பி வந்தார்.

கர்லியின் நகைச்சுவை முழுவதும் உடலில் இருந்தது. தரையில் ஒருக்களித்துப் படுத்து, தோளை அச்சாக வைத்துக் கால்களால் உந்திச் சுழலும் அவருடைய வித்தையை வேறு எவராலும் அதே வேகத்தில் செய்ய இயலவில்லை. இளமையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்துக் கணுக்காலில் ஏற்பட்ட காயத்தின் நொண்டலைக்கூட மிகைப்படுத்திய நடையால் மறைத்தவர் அவர்.

ஷெம்ப்போ முகத்தாலும் முணுமுணுப்பாலும் சிரிக்கவைத்தார். நடுவகிடு எடுத்த நீண்ட முடி, அறை விழுந்ததும் கண்களை மறைத்துச் சரியும். குழுவுக்கு வெளியேயும் பல படங்களில் நடித்திருந்ததால் அவரிடம் நடிகருக்குரிய பக்குவம் கூடுதல். ஆனால் அவர் காலத்தில் கொலம்பியா படநிறுவனம் செலவைக் குறைத்துப் பழைய காட்சிகளையே மீண்டும் ஒட்டியது, 1955-இல் அவர் இறந்த பிறகும், முதுகைக் காட்டி நிற்கும் மாற்று நடிகரை வைத்து நான்கு குறும்படங்களை முடித்தது (சிக்கனத்திற்கும் ஓர் எல்லை வேண்டாமா?).

புதிதாகப் பார்ப்பவர் 1930-களின் கர்லியிடமிருந்து தொடங்கலாம். உடல்நலம் குன்றி அவர் தளர்ந்து தெரியும் 1945, 1946 படங்களைவிட, 1947-இன் ஷெம்ப் படங்களே என் தேர்வு.