18 டிகிரி என்று காட்டி என்னை ஏமாற்றிய இன்டேக் குழாய்

எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று சொல்லி என் காரில் ஒரு குழாயைப் பொருத்தியவர் இன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், அதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ‘கோல்டு ஏர் இன்டேக்கைக் கடையில் வாங்க வேண்டாம், நானே கையால் செய்து தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என்னுடையது பெட்ரோல் கார். ஆறு வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மேடு ஏறும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். நண்பர் ஒருவர் இவரிடம் அழைத்துப் போனார். பானெட்டைத் திறந்ததும் கம்பெனி ஃபில்டர் பெட்டியை விரலால் தட்டினார். “எஞ்சினின் மூக்கை அடைத்து வைத்திருக்கிறார்கள் சார். சூட்டுக் காற்றையே குடித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கழற்றிவிட்டு நேராக ஒரு குழாய் விட்டால் 15 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் கூடும்” என்றார்.

அந்தப் பெட்டியின் வாய் எங்கே போய் முடிகிறது என்று அன்றைக்கே குனிந்து பார்த்திருக்கலாம். அது ஹெட்லைட்டுக்குப் பின்னால், கிரில்லின் ஓரத்தில், வெளிக்காற்று வரும் இடத்தில்தான் இருந்தது. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கம்பெனி இன்டேக்கே வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அந்த 15 குதிரைத்திறனையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம்தான் கூடும். 100 குதிரைத்திறன் எஞ்சினில் இன்னொரு 15 வேண்டுமென்றால், குளிர்ச்சியை மட்டும் நம்பினால், காற்று 40 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆசை இருந்ததால் நான் அதைப் போடவில்லை.

மாலையில் வண்டியை எடுக்கப் போனேன். கருப்புச் சாயம் பூசிய குழாய், முனையில் எண்ணெய் தடவிய சிவப்புத் துணி ஃபில்டர், பளபளக்கும் கிளாம்புகள். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் உறுமியது. எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் ஸ்கேனரை அவர் செருகி, செல்போன் திரையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். இன்டேக் காற்றின் வெப்பநிலை: 18. “பார்த்தீர்களா சார், இதுதான் குளிர்காற்று!” என்றார். வெளியே 34 டிகிரி வெயில். எனக்கு அந்த எண்ணைப் பார்த்துப் பெருமைதான் வந்தது, சந்தேகம் வரவில்லை. குழாய்க்குள் ஏசி இல்லை, பனிக்கட்டி இல்லை. டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில் எவ்வளவு நல்ல இன்டேக்கைப் போட்டாலும் வெளி வெப்பநிலையை நெருங்கலாம், அதற்குக் கீழே 16 டிகிரி இறங்க வழியே கிடையாது. அந்த ஒரு கேள்வியை அங்கேயே கேட்டிருந்தால் அன்றே அவர் அகப்பட்டிருப்பார்.

முதல் மூன்று வாரம் வண்டி பறப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. காது செய்யும் வேலை அது. கம்பெனி பெட்டியிலும் குழாயிலும் இன்டேக் சத்தத்தை விழுங்குவதற்கென்றே தனி அறைகள் வைத்திருப்பார்கள். அவற்றைக் கழற்றி எறிந்தால் த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) வழியாக எஞ்சின் மூச்சு வாங்கும் சத்தம் நேராகக் காதுக்கு வரும், வேகம் கூடிவிட்டதாக மனம் நம்பிவிடும். நான் ஒருமுறைகூட நேரம் பார்த்து ஓட்டிச் சரிபார்க்கவில்லை.

நான்காவது வாரம் எஞ்சின் லைட் எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறி இறங்கியது. ஏற்றத்தில் மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். திரும்பப் போனேன். “கம்ப்யூட்டர் புதுக் குழாயைக் கற்றுக்கொள்கிறது சார், கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லி பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். லைட் அணைந்தது. நான்கே நாளில் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் போனேன், அதே பதில், அதே பேட்டரி ஒயர். லைட்டை அணைப்பது பழுதுபார்ப்பது ஆகாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மழை. சாலையில் தேங்கிய தண்ணீரில் மெதுவாகத்தான் போனேன், முன்னால் போன சின்ன கார்கள்கூடத் தாண்டிப் போயின. என் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ‘குளிர்ந்த இடம்’ என்று சொல்லி, பம்பருக்குள் அடிமட்டத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஃபில்டரைத் தொங்கவிட்டிருந்தார் அந்த மனிதர். சாவியைத் திரும்பத் திருகாமல் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினேன். அந்த ஒன்றை மட்டும்தான் இந்த விவகாரம் முழுவதிலும் நான் சரியாகச் செய்தேன். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் போன எஞ்சினைச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது வேறொரு மெக்கானிக்கிடம். வயதானவர், அதிகம் பேச மாட்டார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார், கம்ப்ரஷன் பார்த்தார். எஞ்சின் தப்பித்திருந்தது. பிறகு ஸ்கேனரை மாட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். 18. பானெட்டுக்குள் கை வைக்க முடியாத சூடு இருந்தபோதும் 18. எஞ்சின் ஆறிய பிறகும் 18.

“தம்பி, இங்கே வாருங்கள்” என்று கூப்பிட்டார். சென்சாரிலிருந்து வரும் ஒயர்க் கட்டில், கருப்பு டேப் சுற்றிய ஓர் இடம் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. பிளேடால் டேப்பைக் கீறினார். வெப்பநிலை சென்சாருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வெட்டி, முனைகளுக்கு நடுவில் ரெசிஸ்டர் என்ற ஒரு சின்ன மின்தடையைப் பற்றவைத்திருந்தார்கள். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரியது, அதன்மேல் வண்ணக் கோடுகள். அந்த சென்சார் வெப்பத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றிக் காட்டும் வகை, குளிர்ந்தால் தடை கூடும். மாறாத ஒரு தடையை நடுவில் வைத்துவிட்டால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு எந்நேரமும் குளிர்காலம்தான். காற்று குளிர்ந்திருப்பதாக நம்பி, அது தீப்பொறியை முன்னதாகவே கொடுக்கும். வந்ததோ சூட்டுக் காற்று. ஏற்றத்தில் கேட்ட கூழாங்கல் சத்தம் நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை முறை தவறி வெடித்து பிஸ்டனை அடித்துக் கெடுக்கும் சத்தம்.

அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அடக்க முடியவில்லை. வேலை தெரியாமல் கெடுப்பது ஒன்று, என் கண்ணுக்கு ஒரு பொய் எண்ணைக் காட்டவேண்டும் என்றே உட்கார்ந்து ஒயரை வெட்டுவது வேறு.

மற்றவை கைவேலையின் லட்சணங்கள். காற்றின் அளவைப் பார்க்கும் எம்ஏஎஃப் சென்சாரைக் கம்பெனிக் குழாயிலிருந்து பிடுங்கி, அகலமான குழாயில் ஓட்டை போட்டுச் செருகியிருந்தார். பழைய குழாயின் உள்விட்டம் 70 மி.மீ., புதியது 76. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், ஆனால் பரப்பளவு 18 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாக எண்ணும், பெட்ரோல் குறைவாக விழும். ஃபில்டரில் அளவுக்கு மீறித் தடவிய எண்ணெய் வேறு சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸை எங்கும் இணைக்காமல் திறந்த வாயோடு விட்டிருந்தார், அதன் வழியாக வடிகட்டாத தூசிக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் லைட் எரிந்ததற்கு ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீடு பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை. குழாய், தண்ணீர்க் குழாய்க்கு வைக்கும் பிவிசி. 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் பொருள் அது. ரேடியேட்டர் பக்கம் வளைவு ஏற்கெனவே தொய்ந்திருந்தது. த்ராட்டில் வாயில் ரம்பம் அறுத்த வெள்ளைத் துருவல்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தன. குழாயை ஊதிக்கூடச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருக்கிறார்.

ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டேன். “எல்லோருக்கும் இப்படித்தான் சார் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை” என்றார். கம்பெனி பெட்டியைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பணம் திரும்ப வரவில்லை, அதன்பிறகு போனையும் எடுப்பதில்லை.

கையால் இன்டேக் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை, பொறுமையாகச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கம்பெனிக் குழாயின் சென்சார் பகுதியை அப்படியே வெட்டி வைத்துக்கொள்கிறார்கள், விட்டம் மாறுவதில்லை. ஃபில்டரைத் தண்ணீர் எட்டாத உயரத்தில், எஞ்சின் சூட்டுக்குத் தடுப்பு வைத்துப் பொருத்துகிறார்கள். பிரீதர் ஹோஸை விட்டுவிடுவதில்லை. ஒயரைத் தொடுவதே இல்லை. யாரிடம் கொடுத்தாலும், கழற்றிய பாகங்களை அன்றே கையில் வாங்கி வண்டி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனர் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டேக் வெப்பநிலை வெளி வெப்பநிலைக்குக் கீழே காட்டினால், ஒயர்க் கட்டை விரலால் தடவிப் பாருங்கள்.

பழைய பாகங்கள் விற்பவரிடம் தேடி, என் மாடலுக்கான ஃபில்டர் பெட்டி ஒன்று கிடைத்தது. பெரியவர் வெட்டிய ஒயர்களைச் சேர்த்துப் பற்றவைத்து, சென்சாரைத் துடைத்து மாட்டிக் கொடுத்தார். நேற்று வெளியே 33, ஸ்கேனரில் 38. வண்டி ஓட ஓட 36க்கு இறங்கியது, சிக்னலில் நின்றதும் 41க்கு ஏறியது.