அழுத்தாமலே பேசும் வயர்லெஸ்: டைம்-அவுட் டைமரை எவ்வளவு நம்பலாம்?

காவல்துறை வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பொத்தான் சிக்கி ஒரு செட் ஓயாமல் ஒலிபரப்பினால் சேனலே முடங்கிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு சிக்னல் வந்தால் எஃப்.எம். ரிசீவர் வலுவானதைத்தான் பிடிக்கும். சிக்கிய வண்டி, சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் நின்றால், தூரத்தில் உதவி கேட்பவர் குரல் அடியில் புதைந்துபோகும்.

இதற்கு மருந்து, குறித்த நேரத்துக்கு மேல் போனால் ஒலிபரப்பைத் தானே நிறுத்தும் டைம்-அவுட் டைமர் என்பார்கள். பல செட்டுகளில் 60 விநாடி வைத்திருப்பார்கள். என் அனுபவத்தில் இது பாதி மருந்துதான். சீட் இடுக்கில் மைக் அழுந்திக் கிடந்தால் நன்றாக வேலை செய்கிறது. நேரம் முடிந்ததும் ஒலிபரப்பு நின்று பீப் அடிக்கும், ஆளும் கவனிப்பார். ஆனால் மைக்கின் சுருள் வயர் உள்ளே அறுந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு விட்டால்? ஒவ்வொரு முறை விடும்போதும் டைமர் பூஜ்யத்துக்குப் போய்விடும். பல ரிப்பீட்டர்களின் டைமருக்கும் இதே கதிதான். சில செட்டுகளில் 'ரீசெட் டைம்' என்றொரு அமைப்பு உண்டு. பொத்தானை விட்டுக் குறிப்பிட்ட நேரம் ஆனால்தான் கணக்கு அழியும். ஓரிரு விநாடி வைத்தாலே நல்ல பலன். அதற்கு மேல் வைத்தால் அடுத்தடுத்துப் பதில் சொல்பவரின் பேச்சும் பாதியில் வெட்டுப்படும்.

எந்த செட் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பி25, டெட்ரா போன்ற டிஜிட்டல் வயர்லெஸ் முறைகளில் செட்டின் ஐ.டி. தெரிந்துவிடும். ஐ.டி. அனுப்பாத அனலாக்கில் இன்ஜின் சத்தம், உள்ளே நடக்கும் பேச்சு, இவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். "மைக்கைப் பாருங்கள்" என்று அதே சேனலில் கத்துவதைப் பல கன்ட்ரோல் ரூம்களில் பார்க்கிறேன். ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் செட்டுக்கு எதுவும் கேட்காது! மற்றவர்களை வேறு சேனலுக்கு மாற்றி ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். பதில் வராதவருக்கு போன் போடுங்கள். அதற்கு முன், செட்டுகள் ரிப்பீட்டருக்கு அனுப்பும் இன்புட் அலைவரிசையை அதன் பக்கத்திலேயே நின்று கேட்டுப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லாமல் ரிப்பீட்டரின் அவுட்புட் மட்டும் ஓடினால் கோளாறு ரிப்பீட்டர் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

செட் மேசைக்கு வந்ததும் முதலில் மைக்கைக் கழற்றுவேன். ஒலிபரப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தால் குற்றவாளி மைக். பெரும்பாலும் இதுதான் நடக்கும். வியர்வையோ மழைநீரோ கனெக்டருக்குள் போய்ப் பச்சை பூத்திருக்கும், இல்லை வயர் கழுத்தில் ஒடிந்திருக்கும். பி.டி.டி. லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து வயரை ஆட்டினால் ரீடிங் துள்ளும். பச்சை பூத்ததைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, மாற்றிவிடுவதே மேல். டேப் சுற்றிய மைக்கைக் கண்டாலே எரிச்சல் வரும். விளக்கு அணையாவிட்டால் செட்டின் சொந்தப் பொத்தானைப் பார்க்க வேண்டும். பழைய வண்டி செட்டுகளில் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கையடக்க செட்டுகள் பொதுவாக ஓயாமல் ஒலிபரப்பும் கணக்கில் செய்யப்பட்டவை அல்ல. வெகுநேரம் சிக்கிச் சூடேறிய செட்டை, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் மாட்டி, வாட் மீட்டரில் பவர் பார்த்த பிறகே டியூட்டிக்கு அனுப்புகிறேன்.