முளைக்காத முன்பல்லுக்காகக் குன்னூர் போனோம்

எங்களுக்குக் கோத்தகிரியில் சின்ன வர்க்கிக் கடை. பையனுக்கு எட்டரை வயது. மேல் முன்பல் இடது பக்கம் முளைத்து எட்டு மாதமாகியும் வலது பக்கம் வெறும் ஈறுதான். வர்க்கியைக் கடைவாயில் வைத்துத்தான் கடிப்பான். முதலில் காட்டிய இடத்தில், "சிலருக்கு லேட்டாத்தான் வரும், பொறுங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

குன்னூரில் இந்தக் குழந்தைகள் பல் கிளினிக்கில் டாக்டரம்மா முதலில் கேட்டதே, "பக்கத்துப் பல் எப்ப முளைச்சது?" என்றுதான். ஜோடியில் ஒன்று வந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் மற்றது வராவிட்டால் காத்திருக்கக் கூடாது, படம் எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார். வரவேண்டிய பல்லை மறித்துக்கொண்டு கூம்பு மாதிரி ஒரு குட்டிப் பல்! பிறகு எக்ஸ்ரே குழாயைச் சற்றுத் தள்ளி வைத்து இன்னொரு படம். குழாய் நகர்ந்த பக்கமே குட்டிப் பல்லும் நகர்ந்து தெரிந்தால் அது அண்ணத்துப் பக்கம் இருக்கிறதாம். இவனுக்கு அப்படித்தான். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, எனக்குப் புரியும்வரை சொன்னார். இதற்காகவே இங்கே போகலாம்.

இந்த மாதிரிக் கூடுதல் பல்லுக்கு மீசியோடென்ஸ் என்று பெயர். பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு அதிகம் வருமாம். மாசமாக இருந்தபோது தான் எதையோ சாப்பிட்டதாலோ என்று என் மனைவி கலங்கிப்போய்க் கேட்டாள். "உங்க தப்பு எதுவுமில்லம்மா, தாடைக்குள்ள பல் உருவாகும்போதே ஒண்ணு கூடுதலா உண்டாயிடுது" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். அன்று ராத்திரிதான் அவள் தூங்கினாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, அண்ணத்துப் பக்கம் ஈறைத் திறந்து எடுத்தார்கள். முக்கால் மணி நேரம், மூன்று தையல். ஊசி போடும்போது மட்டும் அழுதான். ஒரு வாரம் ஆறிய கஞ்சிதான், வர்க்கி கிடையாது. எக்ஸ்ரே உட்பட 6,500 ரூபாய் ஆனது. ஒரே குறை, அப்பாயின்ட்மென்ட் வாங்கியும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வார நாளில் போங்கள்.

தடை நீங்கினால் பல் பெரும்பாலும் தானாக இறங்கும், அதற்கும் பல மாதம் ஆகலாம், இறங்காவிட்டால் கம்பி கட்டி இழுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். நாலாவது மாதம் ஈறில் வெள்ளையாக விளிம்பு தெரிந்தது. கொஞ்சம் திருகித்தான் வருகிறது. முழுதாக இறங்கட்டும், அப்புறம் கம்பியைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார்.