கன்வர்ட்டிபிள் கார் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் பழைய கன்வர்ட்டிபிள், அதாவது ரூஃபைத் திறந்து மூடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியை நான் வாங்கவில்லை. ஆனால் அட்வான்ஸாகக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் இன்னும் அதை விற்க வந்த ஆளிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதே வண்டியை இப்போது வேறு யாருக்கோ விற்கப் பார்க்கிறார்கள். அதனால்தான் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

வண்டி 2013 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4, எஸ்டிரைவ் 35ஐ. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன். ரூஃப் துணி கிடையாது, அலுமினியம். பட்டனை அழுத்தினால் சுமார் 20 விநாடியில் இரண்டாக மடிந்து பின்னால் இருக்கும் டிக்கிக்குள் போய்விடும். புதிதாக வாங்கும்போது எழுபது லட்சத்தை ஒட்டி விலை. இதை 24 லட்சத்துக்குத் தருகிறேன் என்றார் ஓ.எம்.ஆர் பக்கம் இருக்கும் ஒரு கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையின் ஓனர். பெயர் போடவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வண்டி மேல் எனக்குப் பல வருட ஆசை. விடியற்காலையில் ஈ.சி.ஆரில் ரூஃபைத் திறந்துவிட்டு மாமல்லபுரம் வரை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆசை இருக்கிறவர்களைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "இதே வண்டிக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு டாக்டர் கால் பண்ணிட்டே இருக்கார் சார், உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார் சேல்ஸ் பையன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து முழுசாகப் பார்க்க வேண்டும், ஏதாவது பெரிய பிரச்சினை இருந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும். "கண்டிப்பா சார், ஃபுல் ரீஃபண்ட்" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜே அனுப்பினார். அதைக் கேட்ட பிறகுதான் பணம் அனுப்பினேன், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக. அந்த வாய்ஸ் மெசேஜும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான் இன்று என் கையில் இருக்கும் ஆயுதம்.

முதல் நாள் வண்டி ரூஃப் திறந்த நிலையில் நின்றது. விளம்பரத்தில் இருந்த படங்களிலும் அப்படியே. மூடிக் காட்டுங்கள் என்றதற்கு, பேட்டரி டவுன் என்றார்கள். இது பாதி உண்மைபோல் இருப்பதுதான் சிக்கல். மின்னழுத்தம் குறைந்தால் இந்த ரூஃப் உண்மையிலேயே வேலை செய்யாது. பிறகு இன்னொரு காரணம் சொன்னார்கள்: டிக்கிக்குள் லக்கேஜையும் ரூஃபையும் பிரிக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது, அது சரியாகப் பொருந்தாவிட்டால் ரூஃப் அசையாது என்று. அதுவும் உண்மைதான். இப்படி உண்மையான இரண்டு விஷயங்களைச் சொல்லியே உண்மையான கோளாறை மறைக்க முடிகிறது.

மெக்கானிக் தம்பி வந்தது சனிக்கிழமை காலையில். ஷோரூமில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாக கேரேஜ் வைத்திருக்கிறார். வந்ததும் சார்ஜரை மாட்டினார், டிக்கிக்குள் இருந்த தடுப்பைச் சரியாக இறக்கினார், பட்டனை அழுத்தினார். டிக்கி மூடி பின்பக்கமாகத் திறந்தது, பம்ப் ஓடும் சத்தம் கேட்டது, மடிந்திருந்த ரூஃப் பாதி எழுந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. அவ்வளவுதான். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. யார்டில் இருந்த பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து "பட்டனை அமுக்காதீங்க அண்ணே" என்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

அதற்கு அப்புறம் தம்பி ரூஃபைப் பார்க்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து முழுசாக வெளியே இழுத்தார். வெளியே தெரியும் பகுதி புத்தம் புதிதுபோல் இருந்தது, ஷாம்பு போட்டுக் கழுவியிருக்கிறார்கள். சுருளின் கடைசி ஓர் அடி வெளியே வந்தபோது அதில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே துணி விறைப்பாக இருந்தது, விரலால் தேய்த்தால் மாவுபோல் மண் உதிர்ந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். மழை வடிந்த பிறகு பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அதே வாடை. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் ரெயில் போல்ட் எல்லாம் துரு. கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால் வயர் கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருக்கிறது. டிக்கியின் ஓரத்தில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் காய்ந்த சேறு.

"அண்ணா, இது தண்ணில நின்ன வண்டி" என்றார். ரூஃப் பாதியில் நிற்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இந்த ரூஃப் வெறும் மூடி கிடையாது. ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர்கள், ஒவ்வொரு பாகமும் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார்கள், அவற்றை இணைக்கும் வயர்கள் எல்லாம் சேர்ந்தது. ஒரு சென்சார் தப்பாகச் சொன்னாலும் மொத்தமும் நின்றுவிடும். சரிசெய்ய நான்கு லட்சத்துக்குக் குறையாது, அப்படியும் அடுத்த மழைக்கு எது போகும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார். எஞ்சினைப் பற்றிப் பேசக்கூட அவர் விரும்பவில்லை. இந்த எஞ்சின் வகையில் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் தொல்லை பிரபலமானது, 2010-ல் அமெரிக்காவில் அதற்காக ரீகாலே நடந்தது. நல்ல வண்டியிலேயே அதைத் தனியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் எத்தனை கார்கள் முங்கின என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2015 டிசம்பரிலும் அதுதான் நடந்தது. அப்படி முங்கிய வண்டிகளில் பலவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யக் கட்டுப்படியாகாத வண்டி என்று போட்டு ஏலத்தில் விடும், சில பழுதுபார்க்கப்பட்டு ஓனரிடமே திரும்பும். எப்படியானாலும் கடைசியில் பளபளவென்று ஏதோ ஒரு யார்டில் வந்து நிற்கும். ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் மோசம். தரையோடு ஒட்டிய வண்டி, முழங்கால் அளவு தண்ணீர் போதும், சீட் மூழ்கிவிடும்.

பேப்பர்களை அன்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோது அதற்கான தடயமும் கிடைத்தது. எனக்குக் கொடுத்த ஃபைலில் இரண்டு வருட இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது, இரண்டிலும் ஒரே ஓனர் பெயர். 2023 பிப்ரவரியில் எடுத்த பாலிசியில் என்.சி.பி, அதாவது க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, 50 சதவீதம். 2024 பிப்ரவரியில் புதுப்பித்ததில் பூஜ்யம். ஓனர் மாறினால் என்.சி.பி போய்விடும், அது இயல்பு. ஓனர் மாறாமல் 50 பூஜ்யம் ஆனால், பாலிசி காலாவதியாகாமலும் இருந்தால், நடுவில் க்ளெய்ம் நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நடுவில் இருந்தது அந்த டிசம்பர். பழைய வண்டி வாங்குகிற யாரும் நடப்பு பாலிசியை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், முந்தைய வருடத்துப் பாலிசியையும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பி.ஒய். நம்பர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி புதுச்சேரி பதிவு. "டேக்ஸ் மிச்சம் சார், அப்படியே ஓட்டலாம்" என்றார் கன்சல்டிங் ஓனர். ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி வேறு மாநிலத்துப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், அப்போது தமிழ்நாட்டுக்கு வரி கட்ட வேண்டும். இங்கே 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும் எழுபது லட்சத்து வண்டிக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. 24 லட்சம் என்பது மலிவு விலையே கிடையாது, கட்ட வேண்டிய வரியை வாங்குகிறவர் தலையில் இறக்கி வைத்த விலை.

இதைக் கேட்டபோது அந்த ஓனர் சொன்ன யோசனைதான் எனக்கு மிகவும் கோபம் மூட்டியது. "புதுச்சேரியில ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுத் தர்றேன் சார், உங்க பேர்லயே பி.ஒய்.லயே மாத்திடலாம்." பொய் முகவரியில் பதிவு. கேரளத்தில் 2017-ல் இப்படிப் போலிப் புதுச்சேரி முகவரி கொடுத்துச் சொகுசு கார் பதிவு செய்தவர்கள் மேல் போலீஸ் வழக்கு வரை போனது. அவருக்கு கமிஷன், கேஸ் என் பெயரில். இதை ஒரு சலுகைபோல் சொன்னார்.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் வங்கிக் கடனும் இன்னும் ஆர்.சி.யில் நிற்கிறது. கடன் அடைந்துவிட்டது என்றால் ஆட்சேபம் இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் காட்ட வேண்டும். "வந்துட்டிருக்கு சார்" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

வண்டி வேண்டாம் என்று சொன்னேன். அதுவரை சார், சார் என்றவர்கள் "பிரதர், அட்வான்ஸ் நான்-ரீஃபண்டபிள்", அதாவது திரும்பக் கிடைக்காது என்றார்கள். பிறகு அனுப்பிய ரசீதில் அந்த வார்த்தை கீழே பேனாவால் எழுதப்பட்டிருந்தது. பணம் கட்டிய அன்று வாட்ஸ்அப்பில் வந்த ரசீதில் அந்த வரி இல்லை. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரில் போய்க் கேட்டபோது ஓனர் வெளியூர், போன் செய்தால் கட். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "ஒரு லட்சத்துக்கு எதுக்கு சார் கோர்ட், கேஸுன்னு" என்று அவர்களே சொன்னார்கள். பலர் அப்படி நினைத்து விட்டுவிடுவதில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. நான் விடப்போவதில்லை.

வக்கீல் மூலம் தெரிந்துகொண்ட இன்னொன்று உங்களுக்கும் உதவும். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வண்டியை ஓனரிடமிருந்து எடுத்ததும் ஃபார்ம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து அந்த வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. இந்த கன்சல்டிங்கில் சான்று கேட்டபோது சுவரில் மாட்டியிருந்த ஜி.எஸ்.டி. சான்றிதழைக் காட்டினார்கள். இரண்டும் வேறு வேறு.

கன்வர்ட்டிபிள் வாங்கவே கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் ஆசை போகவில்லை, நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இனிமேல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், நன்றாக ஓட்டிவிட்டு வந்து ஒருமுறையும் ரூஃபைத் திறந்து மூடிக் காட்டாத வண்டிக்குப் பத்து ரூபாய்கூட அட்வான்ஸ் தர மாட்டேன். மூடிய பிறகு ஹோஸ் பைப்பால் கண்ணாடியும் ரூஃபும் சேரும் இடத்தில் தண்ணீர் அடித்துப் பார்ப்பேன். நம் வெயிலில் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்துவிடும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியாக இருந்தால் வேப்பிலையும் பூவும் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடும், தண்ணீர் வெளியே போகாமல் வண்டிக்குள்ளேயே இறங்கும். வெள்ளத்தில் நிற்காத வண்டியைக்கூட அது உள்ளிருந்தே அழித்துவிடும்.

அந்த வண்டி மறுபடி விளம்பரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளை நிறம், சிவப்பு லெதர் சீட், பி.ஒய். 01, விலை இப்போது 22.5 லட்சம், "சிங்கிள் ஓனர், நான்-ஆக்சிடென்ட்" என்று போட்டிருக்கிறார்கள். படங்கள் முன்பு பார்த்த அதே படங்கள். இதே யார்டில் அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், பணம் போன விவரம் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே ஆள் மீது பல மனுக்கள் போனால் ஆணையத்தில் அதற்கு எடை கூடும் என்று வக்கீல் சொல்கிறார்.