பொன்னனின் வாய்க்கூடு: எட்டு மாதம் கட்டிப் பார்த்த பிறகு

மட்டக்குதிரை அளவுக்கு மீறிப் புல் தின்னாமல் தடுக்க வாயில் மாட்டும் மேய்ச்சல் வாய்க்கூடு வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் தினமும் இரண்டு முறையாவது குதிரையின் முகத்தைக் கையால் தடவிப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் இந்தப் பொருள் வேண்டாம்.

தீவில் சிறிய பண்ணை எங்களுடையது. இரண்டு மட்டக்குதிரைகள், மணி என்ற நாய், மூன்று ஆடுகள், ஒரு பூனை, கொஞ்சம் கோழிகள். பொன்னன் ஷெட்லாண்ட் இனம், ஒரு மீட்டர் உயரம், 11 வயது. அவனுக்குத் துணை சாம்பல் என்ற கிழட்டுப் பெட்டை. புல் செழித்த ஒரு காலையில் பொன்னன் கதவருகே வராமல் நின்ற இடத்திலேயே நின்றான். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னுக்குத் தள்ளியிருந்தான். குளம்பைத் தொட்டால் சுட்டது. கணுவுக்குப் பின்னால் விரலை வைத்தேன், நாடி தம் தம் என்று அடித்தது. அன்று காற்று பலமாக இருந்ததால் படகு ஓடவில்லை. மருத்துவர் போனில் சொன்னபடி புல்லிலிருந்து அவனை வெளியே கொண்டுவந்து, தரையில் மணலைக் கனமாகப் பரப்பி நிற்க வைத்தேன். மறுநாள் அவர் வந்து லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் என்று உறுதி செய்தார்.

குளம்புக்குள் இருக்கும் எலும்பை வெளிச்சுவரோடு பிடித்து வைத்திருப்பது மெல்லிய திசு அடுக்குகள்தான். அவை அழற்சியடைந்து பிடி தளர்ந்தால், முற்றிய நிலையில் எலும்பே உள்ளே திரும்பிவிடும். மட்டக்குதிரைகளுக்கு இது பெரும்பாலும் புல்லில் உள்ள சர்க்கரையாலும், அதனால் ரத்தத்தில் ஏறும் இன்சுலினாலும் வருகிறது. ஷெட்லாண்ட் இனம் காற்றடிக்கும் தரிசு மேடுகளில், கிடைத்த கொஞ்சத்தையும் கடற்கரையில் ஒதுங்கிய பாசியையும் தின்று வளர்ந்த இனம். அந்த உடம்புக்கு முழங்கால் உயரப் பசும்புல் தாங்காது. குளிரான இரவுக்குப் பிறகு வெயில் பளிச்சென்று அடிக்கும் காலை இன்னும் ஆபத்து. குளிரில் புல் வளராது, ஆனால் வெயிலில் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். அது செலவாகாமல் இலையிலேயே தங்கிவிடும்.

பொன்னன் தேறி நடக்க ஆரம்பித்த பிறகு எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வெறும் மண் அடைப்பில் அவனைத் தனியாகப் பூட்டி வைப்பது. இரண்டு வாரம் அப்படித்தான் வைத்திருந்தேன். சாம்பல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கனைப்பாள், இவன் வேலி ஓரமாகவே நடந்து நடந்து மண்ணில் தடம் போட்டுவிட்டான். இன்னொரு வழி இந்த வாய்க்கூடு. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் வாங்கினேன்.

பொருள் எளிமையானது. வாயையும் மூக்கையும் மூடும் கூடை, பக்கமெல்லாம் காற்று போக இடைவெளி, அடியில் கெட்டியான ரப்பர், அதன் நடுவில் மூன்று சென்டிமீட்டர் அகல ஓட்டை. தலைவார் தனியாக வருகிறது. ஓட்டை வழியாக நுழையும் புல் நுனிகளை மட்டும்தான் கடிக்க முடியும். கூடு இல்லாத மட்டக்குதிரை ஒரு நாளில் தன் எடையில் 5 சதவீதம் வரை, ஈரம் நீக்கிய உலர் எடைக் கணக்கில், புல் தின்றுவிடும். கூடு போட்டால் மேயும் அளவு சுமார் 80 சதவீதம் குறைவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பொன்னன் விஷயத்தில் நான் அளந்தது மார்புச் சுற்றளவைத்தான். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் தோராயமான எடை வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 146 ஆக இருந்த சுற்று மூன்றரை மாதத்தில் 139 ஆனது. நீளம் 112. அதாவது ஏறக்குறைய 201 கிலோவிலிருந்து 182 கிலோ. பிடரி மேட்டில் கல் மாதிரி இருந்த கொழுப்பு இப்போது கையால் அசைத்தால் அசைகிறது. இதுவரை நோய் திரும்ப வரவில்லை.

பழக்குவதற்கு அவசரப்படாதீர்கள். முதல் நாள் பத்து நிமிடம்தான் போட்டேன். ஓட்டை வழியாக நீளமான புல்லை நானே நுழைத்துக் கொடுத்தேன். முதலில் தலையை உதறினான், முன்னங்காலில் தேய்த்தான். நான்காம் நாள் கூடையைத் தரையில் அழுத்தினால் புல் மேலே வரும் என்று கண்டுபிடித்துவிட்டான். அப்புறம்தான் நேரத்தைக் கூட்டினேன். மிகவும் குட்டையான புல் ஓட்டைக்கு எட்டாது, மிக உயரமான புல் மடிந்துவிடும். உள்ளங்கை உயரப் புல்தான் சரி.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். கூட்டோடு குடிக்க முடியும், ஆனால் தொட்டி ஆழமாக இருக்க வேண்டும். எங்கள் பழைய தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தபோது கூடை விளிம்பில் முட்டியது, அவன் குடிக்காமலே திரும்பிப் போனான். நான் அங்கே நின்றிருந்ததால் தெரிந்தது. அன்றே ஆழமும் அகலமுமான தொட்டி வைத்தேன்.

இனி குறைகள். முதல் குறை பக்கிள். எங்கள் காற்றில் உப்பு அதிகம். மூன்றே மாதத்தில் துருப்பிடித்து இறுகி, ஒரு மாலை குறடு வைத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் பித்தளைப் பக்கிள் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, மூக்கின் மேல் வரும் பஞ்சு உறை. மழையில் நனைந்து ஊறி, ஒரே வாரத்தில் முடி தேய்ந்து தோல் சிவந்துவிட்டது. இப்போது இரண்டு உறைகள், ஒன்று காயும்போது ஒன்று. கூடைக்கும் உதட்டுக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், வாருக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அளவு அட்டவணையை நம்பாமல் மூக்கை நாடாவால் அளந்து வாங்குங்கள். எனக்கு முதலில் வந்தது பெரிதாகிவிட்டது. மாற்றி அனுப்பினார்கள், ஆனால் படகுக்குக் காத்திருந்ததில் பதினாறு நாள் போனது.

ஐந்தாம் மாதம் நடு ஓட்டை என் கட்டைவிரல் நன்றாக ஆடும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பாறையும் சரளையும் அதிகம். ஓட்டை பெரிதானால் கூடு போட்டதற்கே அர்த்தமில்லை, அதனால் வாரம் ஒருமுறை அளந்து பார்க்கிறேன். அடியை மட்டும் தனியாக விற்றால் பெரிய உதவியாக இருக்கும். அதற்காக முழுக் கூட்டையும் மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அறுந்துபோகும் இணைப்பு இல்லாத கூட்டை யாரும் வாங்க வேண்டாம். எங்களுடையதில் தலைவாரின் மேற்பகுதியில் பலம் குறைந்த ஒரு தோல் துண்டு இருக்கிறது. ஒரு நாள் பொன்னன் வேலிக் கம்பத்தில் தலையைத் தேய்த்தபோது வார் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், தோல் அறுந்தது, கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் நான் கவனிப்பதற்குள் மதியத்திலிருந்து மாலை வரை கூடு இல்லாமல் மேய்ந்திருந்தான். அன்றிரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். கூடையை இரண்டு நாள் கழித்து நாய் மணி கோரைப்புல்லிலிருந்து கவ்விக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு கூடு வைத்திருக்கிறேன். கழற்றியதைச் சுவரில் உயரமாகத்தான் மாட்டுகிறேன், ஏனென்றால் கைக்கெட்டும் ஆணியில் மாட்டிய வாரை ஆடு மென்றுவிட்டது.

ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் நான் போடுவதில்லை. மற்ற நேரத்தில் அவனைப் புல்லில் விடுவதும் இல்லை. விட்டால் பகலில் தின்னாததை எல்லாம் சேர்த்துத் தின்றுவிடுவான். கழற்றியதும் மண் அடைப்பில் ஊறவைத்த உலர்புல் கொடுக்கிறேன். ஊறவைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெறும் வயிற்றில் விடவும் கூடாது. குதிரையின் இரைப்பை எந்நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போதுதான் ஊறும்.

எனக்கு மனது கஷ்டமாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. குதிரைகள் எதிரெதிராக நின்று, கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடும். கூடு போட்டவனால் அது முடியாது. முதல் வாரம் சாம்பல் வந்து அவன் முதுகைச் சொறிவாள், அவன் பதிலுக்குக் கூடையை அவள் மேல் அழுத்துவான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விலகிப் போய்விடுவாள்.

அதனால் மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரையும் ஒன்றாகவே அடைப்புக்குள் விடுகிறேன். கூட்டைக் கழற்றி, மூக்கைத் தடவிப் புண் இருக்கிறதா என்று பார்த்து, ஈரத்துணியால் துடைக்கிறேன். உலர்புல் வாளி கையில்தான் இருக்கும். அதைப் பார்த்தும் பொன்னன் முதலில் சாம்பலிடம்தான் போகிறான்.