பட்டறைக்கு டேப்லெட்: ஆண்ட்ராய்டா, புது ஓஎஸ்ஸா?

ஆத்தங்குடியில் எங்கள் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது டிசைன் படங்களை. பழைய ஆல்பம் சிமெண்ட் தண்ணீரில் ஊறிப் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. சரி, ஒரு டேப்லெட் வாங்கிவிடலாம் என்று இறங்கினோம். மச்சானுக்கு லினக்ஸ் வகையான உபுண்டு டச் என்ற ஓஎஸ் (டேப்லெட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மேல் பிரியம். எனக்கு ஆண்ட்ராய்டு போதும் என்று பட்டது. கடைசியில் ஆண்ட்ராய்டுதான் வாங்கினோம்.

வேகம், பேட்டரி, திரை இதெல்லாம் காசுக்குத் தகுந்தபடிதான். ஐபேடை உறவுக்காரப் பையனிடம் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். அருமையான திரை, கல்லின் சிவப்பு அப்படியே தெரிந்தது. விலைதான் எங்களுக்குக் கட்டவில்லை. ஒரு வாரப் பழக்கத்தில் அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

உபுண்டு டச்சை மச்சான் ஒரு பழைய டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தார். இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ஆப் வரிசை வரும், வலது ஓரத்திலிருந்து இழுத்தால் திறந்திருப்பதெல்லாம் அடுக்காக வரும். பழகிவிட்டால் கைக்கு அவ்வளவு சுகம். படம் காட்ட ஒரு குறையும் இல்லை.

ஆனால் எங்கள் வேலை படம் காட்டுவதோடு முடியாது. கானாடுகாத்தானில் வாடிக்கையாளர் ஒருவரின் தாத்தா வீட்டு வளவில் நாலு கல் உடைந்திருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதே பூ, இதே பச்சை வேண்டும் என்பார்கள். அதைப் பெரிய திரையில் திறந்து எங்கள் கல்லோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும், அங்கேயே முன்பணம் வந்ததா என்றும் பார்க்க வேண்டும். உபுண்டு டச்சுக்கு வாட்ஸ்அப் தனியாகக் கிடையாது. ஆண்ட்ராய்டு ஆப்களை உள்ளே ஓட்டும் வேட்ராய்டைப் போட்டுப் பார்த்தோம். வாட்ஸ்அப் வந்தது, வங்கி ஆப் திறக்கவே இல்லை. கூகுள் சான்றிதழ் உள்ள கருவிதானா என்று சோதித்துவிட்டுத்தான் பல வங்கி ஆப்கள் வழிவிடும்.

புது ஓஎஸ்கள் டேப்லெட்டில் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஹெச்பி 2010இல் பாம் என்ற ஃபோன் கம்பெனியை வாங்கி, அதன் வெப்ஓஎஸ்ஸோடு 2011 ஜூலையில் டச்பேட் என்ற டேப்லெட்டைக் கொண்டுவந்தது. நல்ல ஓஎஸ், ஆப்தான் இல்லை. ஏழு வாரத்தில் கைவிட்டார்கள். 499 டாலர் சரக்கு 99 டாலருக்குத் தள்ளப்பட்டது. பிளாக்பெர்ரியின் பிளேபுக் டேப்லெட் வந்தபோது அதில் மின்னஞ்சல் ஆப்கூட இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் ஆர்டி பார்வைக்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் டேலி போன்ற பழைய மென்பொருள் எதுவும் அதில் ஏறாது. டேலி ஓடாத விண்டோஸை வைத்துக்கொண்டு காரைக்குடியில் எந்தக் கடைக்காரர் கணக்கு எழுதுவார்? அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதியது.

ஐபேடையே பாருங்கள். 2010இல் வந்தது, வாட்ஸ்அப் அதற்கென்று ஆப் கொடுத்தது 2025இல். உலகத்தில் அதிகம் விற்கும் டேப்லெட்டுக்கே 15 வருடம் என்றால், புதிதாக வருகிறவருக்கு யார் எழுதித் தருவார்கள்?

சீனக் கம்பெனியான ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ்ஸை இதில் சேர்க்க மாட்டேன். அமெரிக்கத் தடையால் கூகுள் கைவிட்டுப் போக, சொந்தமாக நிற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. சீனாவில் ஜனங்கள் புழங்கும் ஆப்களே தனி. அதை எழுதுகிறவர்களும் ஹுவாவேயை விட்டுவிட முடியாது. அப்படி ஓர் ஊர் பின்னால் நின்றால் புது ஓஎஸ் பிழைக்கும். அமேசானின் ஃபயர் ஓஎஸ் ஆண்ட்ராய்டின் மேலேயே கட்டப்பட்டது, அதனால் அதற்கு இந்தக் கஷ்டம் குறைவு.

ஆண்ட்ராய்டில் எனக்குள்ள கவலை அப்டேட்தான். விலை குறைந்த டேப்லெட்டுக்குச் சில வருடத்தில் அப்டேட் நின்றுவிடும். உபுண்டு டச் ஆட்கள் பழைய கருவிகளையும் விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் மச்சான் சொல்வது சரி. அவர் ஏற்றிய பழைய டேப்லெட் இப்போது பட்டறை முகப்பில் டிசைன் படங்களை ஓட்டிக்கொண்டிருக்கிறது. வங்கி ஆப் அதில் திறக்கிற அன்று சொல்லுங்கள் மச்சான், மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.