சூடான கீமோ: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

அத்தைக்குப் பெருங்குடல் கேன்சர் வயிற்று உறைக்கும், அதாவது குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும், பரவிவிட்டது என்று தெரிந்த வாரம், செந்தாந்த்ரேயில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அந்தச் சூடான கீமோ செய்வாங்களாமா?" இங்கே ரெயூனியனில், இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவில், டாக்டர்கள் அதைப் பிரெஞ்சுச் சுருக்கமாக 'ஷிப்' என்பார்கள், வெளியே ஹைப்பெக். அதுதான் பிரம்மாஸ்திரம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு, எனக்கும் இருந்தது.

வயிற்றைத் திறந்து கண்ணில் படும் கட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனிலேயே 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய மருந்துநீரை உள்ளே அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் சுற்றவிடுவார்கள். வயிற்று உறை மருந்தை ரத்தத்துக்குள் மெதுவாகத்தான் விடும், அதனால் நரம்பில் ஏற்றினால் உடம்பு தாங்காத அளவை இங்கே ஊற்றலாம். ஆனால் மருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஊறாது. அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டாமல் வெந்நீர் மட்டும் ஊற்றிவைத்த கதைதான். பாதி வேலைக்கு மேல் கத்தியுடையது.

சரி, நரம்பு வழி கீமோ மட்டும் போதாதா? உடம்புக்கு அதுதான் லேசு, காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். ஆனால் வயிற்று உறைக்கு அது போய்ச் சேருவது குறைவு. கட்டி எங்கும் பரவி, எடுக்கவே முடியாது என்ற நிலையில் பெரும்பாலும் இதுதான் மிஞ்சும். மருந்தைப் புகையாக அடிக்கும் பைபேக் என்று ஒன்றும் உண்டு, அதுவும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

உண்மையான போட்டி ஆபரேஷன் மட்டுமா, ஆபரேஷனோடு ஷிப்பா என்பதில். பெருங்குடல் கேன்சருக்கு இதைப் பிரான்ஸிலேயே நேருக்கு நேர் சோதித்தார்கள், பிரோடிஜ் 7 என்ற ஆய்வில், 265 பேரை வைத்து. 2021இல் வெளியான முடிவு: ஷிப் செய்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம் 41.7 மாதம், செய்யாதவர்களில் 41.2. வித்தியாசமே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சிக்கல்கள் ஷிப் பக்கம்தான் அதிகம். அரைமணி நேர ஆக்சாலிப்ளாட்டின் போதாது, மருந்தை மாற்றியிருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் குடலுக்கு என்றால் என் ஓட்டு நல்ல கத்திக்குத்தான்.

சினைப்பை கேன்சருக்குக் கதை வேறு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் மூன்றாம் கட்டத்தில் இருந்த 245 பெண்கள், முதலில் மூன்று சுற்று கீமோ, அப்புறம் ஆபரேஷன். சிஸ்ப்ளாட்டின் என்ற மருந்தில் ஷிப் சேர்த்தவர்களுக்கு 45.7 மாதம், சேர்க்காதவர்களுக்கு 33.9. 2018இல் வந்த கணக்கு. கிட்டத்தட்ட ஒரு வருடம், அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குடல்வாலில் தொடங்கி வயிறு முழுக்கக் கூழ் நிரம்புமே, அந்த அபூர்வ வகைக்கும் ஆபரேஷன், ஷிப் இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள், நரம்பு வழி மருந்து அதை அவ்வளவாக அசைப்பதில்லை.

அத்தையின் சர்ஜன் ஒரு தாளில் வயிற்றை 13 கட்டமாகப் பிரித்து, கட்டி எவ்வளவு இருக்கிறது என்று கட்டத்துக்கு 0 முதல் 3 வரை எண் போட்டுக் காட்டினார். முழுக்க நிரம்பினால் 39. அத்தைக்கு 9. "எல்லாம் எடுத்துவிடலாம், ஷிப் வேண்டாம்" என்றார். எட்டு மணி நேரம் ஆனது. நெஞ்செலும்பிலிருந்து கீழ்வயிறு வரை தையல், மூன்று குழாய். வீட்டுக்கு வந்து முதலில் கேட்டது ப்ரேத் முருங் ரசம், நம் முருங்கைக்கீரையேதான். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் "சூடு வச்சாங்களாக்கா?" என்று கேட்க, "இல்லப்பா, சுரண்டித்தான் எடுத்தாங்க" என்றாள்.

நீங்கள் யாரிடம் போனாலும் வருடத்துக்கு இப்படி எத்தனை ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலுக்காகப் பாரிஸுக்குப் பதினொரு மணி நேரம் பறக்க வேண்டி வந்தால், டிக்கெட் போடும் முன் செக்யுவிடம், அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டிடம், முன் அனுமதித் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.